முதல் சித்திரக்கதைப் புத்தகம்: எத்தனை பக்கம், எத்தனை பிரதி?

கேள்வி: நான் கவின் கலைக் கல்லூரி ஒன்றில் மூன்றாம் ஆண்டு ஓவியம் படிக்கிறேன். வகுப்புத் தோழர்கள் மூவருடன் சேர்ந்து ஒரு சித்திரக்கதைத் தொகுப்பை நாங்களே அச்சிட்டு, சென்னை காமிக் கான் என்ற காமிக்ஸ் விழாவில் ஒரு மேசை எடுத்து விற்க ஆசைப்படுகிறோம். 96 பக்கம், முழு வண்ணம் என்பது திட்டம். அச்சகத்தில் 500 பிரதிக்கு 60,000 ரூபாய் கேட்கிறார்கள். 100 பிரதி மட்டும் போதும் என்றால் பிரதிக்கு 260 ரூபாய் ஆகிவிடுமாம். மேசைக்கு 8,000 ரூபாய். நிகழ்ச்சிக்கு நான்கு மாதம் இருக்கிறது. 'நிஞ்ஜா ஆமைகள்' காமிக்ஸை உருவாக்கியவர்களே கடன் வாங்கி 3,000 பிரதி அடித்துத்தானே தொடங்கினார்கள், 500 அடிக்க ஏன் பயப்பட வேண்டும் என்கிறார் நண்பர். அனிமே என்னும் ஜப்பானிய கார்ட்டூன்களின் பாத்திரங்களை வரைந்து பிரிண்ட் விற்றால் செலவு ஈடாகுமா? கதையைத் தமிழில் எழுதுவதா, ஆங்கிலத்திலா? பணத்தை எப்படிப் பிரிப்பது? எங்கள் ஆசிரியர் ஒருவர் இதெல்லாம் ஓவியமே இல்லை என்கிறார். அதற்கு என்ன பதில் சொல்வது?

பதில்:

அன்புள்ள மாணவிக்கு,

உங்கள் கடிதத்தில் பல கேள்விகள் இருந்தாலும், அவற்றில் பெரும்பாலானவை ஒரே இடத்தில்தான் போய் முட்டுகின்றன. புத்தகத்தின் அளவை உங்கள் கதைகளை வைத்துத் தீர்மானித்திருக்கிறீர்கள். அதைத் தீர்மானிக்க வேண்டியவை நிகழ்ச்சித் தேதியும் கையிலிருக்கும் பணமும். நான் சொல்லப்போவது உங்களுக்குச் சற்று ஏமாற்றமாக இருக்கலாம். 96 பக்க வண்ணத் தொகுப்பை இப்போதைக்கு ஒதுக்கிவையுங்கள். உள்ளே கறுப்பு வெள்ளை, அட்டை மட்டும் வண்ணம் என்று 32 பக்கத்தில் ஒரு புத்தகத்தை முடித்து, 120 பிரதி அச்சிட்டுக்கொண்டு போங்கள்.

முதலில் காலத்தைப் பாருங்கள். 96 பக்கம் என்றால் ஆளுக்கு 24 பக்கம். வகுப்பும் பயிற்சி ஒப்படைப்புகளும் நடந்துகொண்டிருக்கும்போது, கதை பிரித்து, பென்சில் போட்டு, மையிட்டு, வண்ணமும் தீட்டி ஒரு மாணவர் வாரத்துக்கு ஒரு பக்கத்துக்கு மேல் முடிப்பது அரிது. முடித்தாலும் கடைசிப் பக்கங்கள் முதல் பக்கங்களைப் போல இருக்காது. நான்கு மாதம் என்பது ஏறக்குறைய பதினேழு வாரம். அதில் அச்சுக்கும் தவறு திருத்தவும் மூன்று வாரத்தையும், எழுத்து பதிப்பதற்கும் கோப்புகளைச் சரிபார்ப்பதற்கும் இரண்டு வாரத்தையும் கழித்தால் மிஞ்சுவது பன்னிரண்டு வாரம். ஆளுக்கு ஏழு பக்கம் என்றால் அதற்குள் நிதானமாக முடியும்; ஒருவருக்குக் காய்ச்சல் வந்தாலும் முடியும்.

இனி பணம். 500 பிரதி அடித்தால் ஒன்று 120 ரூபாய், 100 அடித்தால் 260 ரூபாய் என்று அச்சகம் சொல்வது நியாயமான கணக்குதான். ஆஃப்செட் அச்சில் பிளேட் எனும் அச்சுத் தகடு போடுவதற்கும் இயந்திரத்தை ஓட்டத் தயார் செய்வதற்கும் ஆகும் செலவு எத்தனை பிரதி அடித்தாலும் மாறாது. பிரதிகள் கூடக்கூட அந்தச் செலவு பரவி ஒவ்வொன்றின் அடக்க விலையும் குறைகிறது. டிஜிட்டல் அச்சில் பிளேட் கிடையாது என்பதால் குறைந்த பிரதிகளுக்கு அதுவே ஏற்றது. ஆனால் இந்த அடக்க விலை அத்தனை பிரதியும் விற்றால் மட்டுமே பொருள் உள்ளது. பெயர் தெரியாத நால்வரின் முதல் புத்தகம் இரண்டு மூன்று நாள் நிகழ்ச்சியில் 60 பிரதி போனால் அதை நல்ல விற்பனை என்றே நான் சொல்வேன். அந்த 60-ஐயே இரண்டு திட்டத்துக்கும் வைத்துப் பார்ப்போம். பயணச் செலவு இரண்டிலும் ஒன்றுதான் என்பதால் விட்டுவிடுகிறேன். உங்கள் திட்டப்படி அச்சும் மேசையுமாக 68,000 ரூபாய் செலவு. விலை 250 ரூபாய் வைத்தால் 15,000 ரூபாய் வரும். மீதி 53,000 ரூபாயை நால்வர் பகிர்ந்தால் தலைக்கு 13,250 ரூபாய் கைநட்டம். கூடவே 440 பிரதிகள் யாராவது ஒருவர் வீட்டுக் கட்டிலுக்கடியில் கிடக்கும். நான் சொல்லும் சிறிய புத்தகம் டிஜிட்டல் அச்சில் பிரதிக்கு 60 ரூபாய் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஊர் அச்சகத்தில் கேட்டுச் சரிபார்த்துக்கொள்ளலாம். 120 பிரதிக்கு 7,200 ரூபாய், மேசையோடு 15,200 ரூபாய். விலை 150 ரூபாய் என்றால் 60 பிரதிக்கு 9,000 ரூபாய் வரும்; பற்றாக்குறை 6,200 ரூபாய், தலைக்கு 1,550 ரூபாய். மிஞ்சும் 60 பிரதிகளை அடுத்த நிகழ்ச்சிக்கோ தபால் விற்பனைக்கோ வைத்துக்கொள்ளலாம்.

கவனித்திருப்பீர்கள், சிறிய திட்டத்திலும் நட்டம் இருக்கிறது. அதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை: மேசைக் கட்டணம் கொடுக்கும் எந்த நிகழ்ச்சியிலும் முதல் புத்தகத்தை மட்டும் விற்றுப் போட்ட பணத்தை எடுப்பது கடினம். உங்கள் கதைகளில் வரும் பாத்திரங்களையே ஸ்டிக்கராகவும் அஞ்சலட்டையாகவும் போட்டால் அந்தப் பற்றாக்குறையில் ஒரு பகுதி ஈடாகும். இன்னொரு மாணவர் குழுவோடு மேசையைப் பகிர அமைப்பாளர்கள் அனுமதித்தால் கட்டணமே பாதியாகிவிடும். விண்ணப்பிக்கும் முன் அதை எழுதிக் கேளுங்கள்.

நண்பர் சொன்ன ஆமைகளின் கதை உண்மைதான். 1984-இல் கெவின் ஈஸ்ட்மனும் பீட்டர் லேர்டும் ஈஸ்ட்மனின் மாமாவிடம் கடன் வாங்கி, திரும்பி வந்த வருமான வரிப் பணத்தையும் சேர்த்து, முதல் இதழைச் சுமார் 3,000 பிரதி அச்சிட்டார்கள். அதில் நண்பர் சொல்லாமல் விட்ட இரண்டு விஷயங்கள் உண்டு. அந்த இதழின் உட்பக்கங்கள் கறுப்பு வெள்ளைதான். அதைவிட முக்கியம், அன்றைய அமெரிக்காவில் காமிக்ஸ் மட்டுமே விற்கும் கடைகள் ஏராளமாக இருந்தன; அக்கடைகளுக்குச் சரக்கு எடுத்துக்கொடுக்கும் விநியோகஸ்தர்கள் இருந்தார்கள்; கடைக்காரர்களும் வாசகர்களும் படிக்கும் துறைப் பத்திரிகையில் ஒரு விளம்பரம் கொடுத்தால் ஆர்டர் வந்தது. உங்களுக்கு அந்த வலைப்பின்னல் கிடையாது. நம் ஊரில் 1972-இல் முத்து காமிக்ஸும் 1984-இல் லயன் காமிக்ஸும் சிவகாசியிலிருந்து புறப்பட்டபோது அவற்றுக்குப் பெட்டிக்கடைகளும் ஏஜென்டுகளும் இருந்தார்கள். இன்று அவ்விதழ்கள் சந்தாவையும் புத்தகக் காட்சிகளையும் பெரிதும் நம்பி நடக்கின்றன. உங்களுக்கு இருப்பது ஒரே ஒரு மேசை. ஆகையால் எத்தனை பிரதி அடிப்பது என்பதை அந்த மேசையின் முன் நின்று புரட்டிப் பார்க்கக்கூடியவர்களின் எண்ணிக்கையை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

பக்க அமைப்பைப் பற்றி விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் கல்லூரியில் இதைச் சொல்லிக்கொடுப்பதில்லை. A4 தாளை நடுவில் மடித்தால் A5 அளவில் நான்கு பக்கம் கிடைக்கும். ஆகவே நடுவில் பின் அடிக்கும் புத்தகத்தில் பக்க எண்ணிக்கை நான்கின் மடங்காகவே இருக்க முடியும். எட்டுத் தாள்களை ஒன்றினுள் ஒன்றாக மடித்து வைத்தால் 32 பக்கம், அட்டை தனி. வரையத் தொடங்கும் முன்பே வெறும் தாளில் இப்படி ஒரு மாதிரிப் புத்தகம், அதாவது டம்மி, செய்து, ஒவ்வொரு பக்கத்திலும் எண் எழுதி, எந்தப் பக்கம் எதற்கு எதிரே விழுகிறது என்று பாருங்கள். 1-ஆம் பக்கம் இருக்கும் தாளின் அதே முகத்தில் 32-ஆம் பக்கம் இருக்கும், 3-க்கு 30. எந்த முகத்தை எடுத்தாலும் இரண்டு எண்களையும் கூட்டினால் 33 வரும். இதில் 16-உம் 17-உம் மட்டுமே ஒரே தாளில் ஒட்டி இருப்பவை. இரண்டு பக்கத்துக்கும் விரியும் பெரிய சித்திரம் ஏதாவது இருந்தால் அது அந்த இடத்தில்தான் பிசிறில்லாமல் சேரும். மற்ற இடங்களில் மடிப்பில் ஒரு மயிரிழை விலகினாலும் முகம் கோணிவிடும்.

இப்போது நால்வரும் ஏழேழு பக்கம் வரைகிறீர்கள் என்று வையுங்கள். முதல் இரண்டு பக்கம் தலைப்புக்கும் பதிப்பு விவரத்துக்கும், கடைசி இரண்டு பக்கம் உங்களைப் பற்றிய குறிப்புகளுக்கும் போனால், முதல் கதை 3-இலிருந்து 9 வரை, இரண்டாவது 10-இலிருந்து 16 வரை, மூன்றாவது 17-இல் தொடங்கும். நடுத்தாளில் ஒருவர் கதையின் முடிவும் இன்னொருவர் கதையின் தொடக்கமும் எதிரெதிரே உட்கார்ந்துகொள்ளும். இருப்பதிலேயே நல்ல இடம் வீணாகும். இரண்டாவது கதைக்கு எட்டுப் பக்கமும் கடைசிக் கதைக்கு ஆறு பக்கமும் கொடுத்தால் 16, 17 இரண்டும் ஒருவர் கையில் சேர்ந்துவிடும். அந்த எட்டுப் பக்கம் யாருக்கு என்பதை உங்கள் நால்வருக்குள் சண்டையில்லாமல் முடிவு செய்யுங்கள். இன்னொன்று, வாசகர் தாளைத் திருப்பியதும் முதலில் கண்ணில் படுவது இடப்பக்கம், அதாவது இரட்டைப்படை எண். திடுக்கிடச் செய்யும் கட்டத்தை ஒற்றைப்படைப் பக்கத்தில் வைத்தால், முந்திய பக்கத்தைப் படித்துக்கொண்டிருக்கும்போதே ஓரக்கண்ணில் அது தெரிந்துவிடும்.

A4 தாளில் வரைந்து A5-இல் அச்சிடும்போது நீளமும் அகலமும் ஏறக்குறைய 71 விழுக்காடாகச் சுருங்குகின்றன. 0.1 பேனாவில் போட்ட நுண்கோடுகள் அங்கே காணாமல் போகும். முதல் பக்கம் முடிந்தவுடனேயே அதை 71 விழுக்காட்டில் ஜெராக்ஸ் எடுத்துப் பாருங்கள். எவ்வளவு தடிமனான கோடு தாங்குகிறது என்பது தெரிந்த பிறகு மற்றப் பக்கங்களுக்கு மையிடலாம். கறுப்பு வெள்ளைக் கோட்டுச் சித்திரங்களை 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கேன் செய்யுங்கள். அட்டையில் நான்கு பக்கமும் 3 மில்லிமீட்டர் கூடுதலாக வண்ணத்தை நீட்டிவிடுங்கள், கட்டிங்கில் வெள்ளை விளிம்பு தெரியாமலிருக்கும். தாளைப் பொறுத்தவரை, பளபளப்பான ஆர்ட் பேப்பர் வேண்டாம். மையிட்ட சித்திரத்துக்கு சதுர மீட்டருக்கு 100 கிராம் எடையுள்ள (100 ஜிஎஸ்எம்) பளபளப்பில்லாத மேப்லித்தோ தாள் போதும், பின்பக்கக் கறுப்பு அதிகம் ஊடுருவித் தெரியாது. முழுப் பிரதிகளையும் அடிப்பதற்கு முன் ஒரே ஒரு பிரதியை முழுமையாக, பின் அடித்து, ஓரம் வெட்டி வாங்கிப் பாருங்கள். கைப்பேசிக்கு பிடிஎஃப் அனுப்பி ஓகே வாங்கிக்கொள்ளும் அச்சகப் பழக்கத்துக்கு இணங்கிவிடாதீர்கள்.

மொழியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். உங்கள் பாத்திரங்கள் எந்த மொழியில் பேசுவதாக உங்கள் மனதில் கேட்கிறதோ அதில் எழுதுங்கள். பெங்களூரு, ஹைதராபாத் நிகழ்ச்சிகளுக்குப் போவதானால் ஆங்கிலம் விற்கும் என்பது உண்மை. ஆனால் சென்னை மேசைகளில் ஆங்கிலப் புத்தகங்களுக்குப் பஞ்சமில்லை, மாணவர்கள் செய்த தமிழ்ப் புத்தகம் அரிது. தமிழில் எழுதினால் ஒன்றை முதலிலேயே ஏற்றுக்கொள்ள வேண்டும்: நம் சொற்கள் நீளமானவை. 'போய்க்கொண்டிருக்கிறேன்' என்ற ஒரே சொல் வசனம் எழுதும் ஒடுக்கமான பேச்சு பலூனில் இரண்டு மூன்று துண்டாக முறியும். ஆகவே படத்தை வரைந்துவிட்டு மிஞ்சிய இடத்தில் பலூனைத் திணிக்காமல், பென்சில் கட்டத்திலேயே வசனத்தை எழுதி, அகலவாக்கில் பலூன் போட்டு, அதைச் சுற்றிப் பாத்திரங்களை நிறுத்துங்கள். வசனத்தைக் குறைக்கவும் இது கட்டாயப்படுத்தும், குறைத்தால் நல்லதுதான். கையெழுத்து தெளிவாக இருப்பவர் உங்களில் யாராவது இருந்தால் கையாலேயே எழுதச் சொல்லுங்கள், எந்த எழுத்துருவையும்விட அது சித்திரத்தோடு ஒட்டும். எழுத்துரு என்றால் கவிவாணர், மீரா இனிமை போன்றவை திறந்த உரிமத்தில் கிடைப்பதால் விற்பனைப் புத்தகத்திலும் தடையின்றிப் பயன்படுத்தலாம். வரைகலை மென்பொருள்கள் சிலவற்றில் கொம்பு தனியே பிய்ந்து நிற்கும், 'கொ' மூன்று துண்டாகும். உங்கள் திரையில் சரியாக இருந்தது அச்சகக் கணினியில் கெட்டுப்போகவும் கூடும். எழுத்துகளை அவுட்லைனாக, அதாவது எழுத்துரு தேவைப்படாத கோட்டு வடிவமாக, மாற்றிய பிறகே கோப்பை அனுப்புங்கள். மாற்றுவதற்கு முன் பிழை திருத்தத்தை முடித்துவிடுங்கள், பிறகு ஒரு ஒற்றெழுத்தைக்கூடச் சேர்க்க முடியாது.

அனிமே பாத்திரங்களை வரைந்து விற்பது பற்றி. நாடு முழுவதும் பல மேசைகளில் அது நடக்கிறது, வாங்கவும் ஆள் இருக்கிறது. இருந்தாலும் 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் பிறர் படைப்பைச் சொந்தப் பயன்பாட்டுக்கும் ஆய்வுக்கும் திறனாய்வுக்கும் இவை போன்ற சிலவற்றுக்கும் நியாயமான அளவில் கையாளத்தான் விலக்குத் தருகிறது. பிரிண்ட் போட்டு விற்பது அதில் அடங்காது. ஜப்பானில் ரசிகர்களே வரைந்து விற்கிறார்களே என்று கேட்பீர்கள். டோக்கியோவின் காமிக்கெட் 1975 டிசம்பரில் 32 குழுக்களோடு தொடங்கி, இன்று ஆண்டுக்கு இருமுறை லட்சக்கணக்கானோர் கூடும் சந்தையாகியிருக்கிறது. அங்கே பிறர் பாத்திரங்களைக் கொண்ட இதழ்கள் விற்பதற்குப் பதிப்பாளர்கள் பெரும்பாலும் கண்டும் காணாமல் இருப்பதுதான் காரணம். அது அவர்கள் காட்டும் சகிப்பு, எவருக்கும் எழுதிக் கொடுத்த உரிமை இல்லை. சட்டத்தை விட்டாலும் எனக்கு இதில் தயக்கம் உண்டு. அந்தப் பிரிண்டுக்காக வருபவர் அதை வாங்கிக்கொண்டு போய்விடுவார். உங்கள் கதையைத் திறந்துகூடப் பார்க்க மாட்டார். நீங்கள் இத்தனை செலவழித்துப் போவது உங்கள் கதையைத் திறந்து பார்ப்பவரைத் தேடித்தானே?

பணத்தையும் உரிமையையும் பற்றி இன்றே, நட்பு நன்றாக இருக்கும்போதே, ஒரு பக்கத்தில் எழுதி நால்வரும் கையெழுத்திடுங்கள். அவரவர் கதையின் பதிப்புரிமை அவரவருக்கே. இந்த 120 பிரதிகளுக்கு மட்டும் கூட்டாக அனுமதி. மறுபதிப்பு என்றால் நால்வரும் எழுத்தில் சம்மதிக்க வேண்டும். வரும் பணத்தில், செலவுக்குப் பணம் போட்டவர்களுக்கு அவரவர் போட்டது திரும்பிய பிறகு மிச்சத்தைச் சமமாகப் பிரிப்பது. மிஞ்சும் பிரதிகள் யார் வீட்டில் இருக்கும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அட்டை வரைந்தவருக்குக் கூடுதலாக ஏதாவது கொடுக்க நினைத்தால் அதுவும் இப்போதே. நாளை ஒரு பதிப்பாளர் உங்கள் கதையை மட்டும் கேட்டு வரலாம். அப்போது நினைவில் கொள்ளுங்கள், உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில் இருந்தால்தான் செல்லும், காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். புத்தகங்களுக்கான பன்னாட்டு அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன் அரசிடமிருந்து இலவசமாகக் கிடைக்கிறது, ஆனால் மேசை விற்பனைக்கு அது தேவையில்லை. 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிப்பாளர் தம் புத்தகத்தை நான்கு பொது நூலகங்களுக்கு அனுப்ப வேண்டும் என்பதை மாணவர் பதிப்புகளில் யாரும் நினைப்பதில்லை; அந்த நான்கில் ஒன்று எழும்பூர் கன்னிமாரா. அனுப்பிவையுங்கள், செலவு நான்கு பிரதிதான்.

மேசையில் உட்காரும் நாட்களுக்குச் சில வார்த்தைகள் போதும். நால்வரும் ஒரே சமயத்தில் மேசைக்குப் பின்னால் அடைந்து உட்கார வேண்டாம், வருபவர் தயங்குவார், இருவர் போதும். ஒரு பிரதியை 'படித்துப் பார்க்க' என்று எழுதித் திறந்து வையுங்கள். விலையைக் கேட்க வைக்காமல் பெரிதாக எழுதுங்கள். யுபிஐ அட்டை இருந்தாலும் கூட்டத்தில் சிக்னல் படுத்தும் என்பதால் ஐம்பது ரூபாய் சில்லறை நிறைய வேண்டும். வருபவர் எந்தப் பக்கத்தில் சிரிக்கிறார், எந்தப் பக்கத்தில் புத்தகத்தை மூடிக் கீழே வைக்கிறார் என்று பாருங்கள். அடுத்த புத்தகத்துக்கு அதைவிட நல்ல ஆசான் கிடைக்க மாட்டார்.

உங்கள் ஆசிரியரிடம் வாதாட வேண்டாம். சென்னை ஓவியக் கல்லூரியில் படித்த கே. எம். ஆதிமூலமும் டிராட்ஸ்கி மருதுவும் பத்திரிகைக் கதைகளுக்குப் படம் வரைந்தவர்கள்தாம். அதனால் அவர்கள் ஓவியர்கள் இல்லை என்று எவரும் சொன்னதில்லை. அச்சான புத்தகத்தை அவரிடம் ஒன்று கொடுங்கள். பிடிக்கவில்லை என்றால் எந்தக் கட்டம், ஏன் என்று கேளுங்கள். நல்ல ஓவிய ஆசிரியரின் கண்ணுக்கு நம் உடற்கூற்றுப் பிழைகள் நமக்கு முன்னால் தெரியும்.

மேசைக்கு விண்ணப்பிக்கும்போது பெரும்பாலான அமைப்பாளர்கள் உங்கள் வேலையின் மாதிரிகளைக் கேட்பார்கள். மேசைகள் நிகழ்ச்சிக்கு வெகு முன்பே நிரம்பிவிடுவதும் உண்டு. எனவே டம்மி செய்த கையோடு, நால்வரும் அவரவர் கதையிலிருந்து ஒரு பக்கத்தை மட்டும் எழுத்து பதித்து முழுமையாக முடியுங்கள். இந்த மாதத்துக்குள் அந்த நான்கு பக்கமும் கையில் இருந்தால் விண்ணப்பத்தை அனுப்புங்கள். இல்லையென்றால் மேசைக்குப் பணம் கட்டாமல், இந்த ஆண்டு பார்வையாளராகப் போய் வந்து, அடுத்த ஆண்டுக்குப் புத்தகத்தை முடிக்கலாம்.